ரேடியம் தெரியும், குவார்ட்ஸ் தெரியுமா? பியர் கியூரியின் முதல் கண்டுபிடிப்பின் கதை

பழைய எலெக்ட்ரானிக்ஸ் கருவிகளைத் தேடிப் பிடித்து உயிர் கொடுக்கிற ஆட்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். சிலருக்கு வால்வு ரேடியோ, சிலருக்கு டேப் ரெக்கார்டர். அதில் ஒரு சின்னக் கூட்டம் மட்டும் கொஞ்சம் விநோதமான பொருளைத் தேடுகிறது. அதன் பெயர் ஓவன் ஆஸிலேட்டர்.

1970, 80களில் வந்த விலை உயர்ந்த அளவைக் கருவிகளுக்குள்ளும், பிறகு செல்போன் டவர் கருவிகளுக்குள்ளும் இருந்த ஓர் உலோகப் பெட்டி அது. உள்ளங்கையில் அடங்கிவிடும். பாட்டு வராது, படம் வராது. விநாடிக்கு 1 கோடி முறை துடிக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் அந்த 1 கோடியில் ஒன்றுகூடக் குறையாது, கூடாது. அதுதான் விசேஷம்.

பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு சின்ன அடுப்பு. அடுப்புக்குள் ஒரு சின்ன குவார்ட்ஸ் வில்லை. அந்த வில்லை ஏன் துடிக்கிறது என்று கேட்டால், பதிலுக்கு 1880ஆம் ஆண்டு பாரிஸுக்குப் போக வேண்டும். அங்கே அண்ணன் தம்பி இருவர். தம்பியின் பெயர் பியர் கியூரி.

ஆமாம், மேரி கியூரியின் கணவர்தான். ரேடியம் கண்டுபிடித்த தம்பதி என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். பாடத்தில் வராத இன்னொரு கண்டுபிடிப்பு அவருக்கு உண்டு. இன்று உங்கள் கையில் இருக்கிற போன் வரை ஓடிக்கொண்டிருப்பது அதுதான்.

பள்ளிக்கூடமே போகாத பையன்

பியர் பிறந்தது 1859 மே 15, பாரிஸில். அப்பா யூஜின் கியூரி டாக்டர். பியர் எதையும் மெதுவாகத்தான் யோசிப்பார். ஒரு விஷயத்தில் இறங்கிவிட்டால் வேறு எதுவும் காதில் விழாது. இந்தப் பையனை வகுப்பறையில் உட்கார வைத்தால் சரிப்படாது என்று பெற்றோர் முடிவு செய்து, வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். இன்று ஹோம் ஸ்கூலிங் என்று பெருமையாகச் சொல்கிறோமே, அதுதான்.

விளைவு மோசமில்லை. 18 வயதில் பட்டம். அடுத்து பாரிஸ் பல்கலைக்கழகமான சோர்பானில் ஆய்வக உதவியாளர் வேலை. மேலே படிக்கக் கையில் காசில்லை, அதனால் டாக்டர் பட்டம் தள்ளிப்போனது. எவ்வளவு தள்ளிப்போனது என்பதைப் பிறகு பார்ப்போம்.

அண்ணன் ஜாக் மூன்றரை வயது மூத்தவர். அவரும் சோர்பானில்தான், கனிமவியல் ஆய்வகத்தில் இருந்தார். படிகங்களைக் கையாளத் தெரிந்தவர் அண்ணன், கருவி செய்யத் தெரிந்தவர் தம்பி.

அழுத்தினால் கரன்ட்

சில படிகங்களைச் சூடாக்கினால் அவற்றின் முனைகளில் மின்னூட்டம் வரும் என்பது அப்போதே தெரிந்த விஷயம். சகோதரர்களுக்கு வந்த கேள்வி வேறு. சூடாக்கினால் படிகம் விரிகிறது, குளிர்ந்தால் சுருங்குகிறது. அப்படியானால், சூடே இல்லாமல் வெறுமனே அழுத்தினால்?

அழுத்திப் பார்த்தார்கள். படிகத்தைக் குறிப்பிட்ட திசையில் வெட்டி, இரண்டு பக்கமும் வெள்ளீயத் தகடு ஒட்டி, நடுவில் வைத்து நெருக்கினார்கள். மின்னூட்டம் வந்தது. குவார்ட்ஸ், டூர்மலின், புஷ்பராகம், ரோஷெல் உப்பு, ஏன், கரும்புச் சர்க்கரைப் படிகத்தில்கூட வந்தது. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் அழுத்தவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. படிகத்தின் உள்ளமைப்பு எந்தத் திசையில் சமச்சீர் இல்லாமல் இருக்கிறது என்று பார்த்து, எதில் வரும், எதில் வராது என்று முன்கூட்டியே கணித்துவிட்டுத்தான் செய்தார்கள். பியருக்கு அப்போது வயது 21.

இதற்குப் பெயர் பீசோ எலெக்ட்ரிக் விளைவு. கேஸ் அடுப்பு பற்றவைக்கும் லைட்டரை அமுக்கினால் டக்கென்று பொறி வருகிறதே, அதே விஷயம்தான். லைட்டரில் இருப்பது குவார்ட்ஸ் இல்லை, செராமிக். தத்துவம் ஒன்றுதான்.

அடுத்த ஆண்டு, 1881இல், காப்ரியேல் லிப்மன் என்கிற இயற்பியலாளர் கணக்குப் போட்டு ஒன்று சொன்னார். அழுத்தினால் மின்சாரம் வரும் என்றால், மின்சாரம் கொடுத்தால் படிகம் நெளிய வேண்டும். சகோதரர்கள் அதையும் செய்து பார்த்தார்கள். நெளிந்தது. கண்ணுக்கே தெரியாத அளவு, ஆனால் நெளிந்தது.

ஓவன் ஆஸிலேட்டரின் விதை இந்த இரண்டாவது சோதனைதான். மின்சாரம் கொடுத்தால் படிகம் நெளிகிறது, நெளிந்தால் மின்சாரம் தருகிறது. இந்த இரண்டையும் ஒரு சுற்றாக இணைத்துவிட்டால், கோயில் மணி போல படிகம் தன் சொந்த வேகத்தில் அதிர்ந்துகொண்டே இருக்கும். மணியின் ஒலியை அதன் அளவு தீர்மானிப்பது போல, குவார்ட்ஸின் துடிப்பை அதன் தடிமனும் வெட்டிய கோணமும் தீர்மானிக்கின்றன. ஆனால் அப்படி இணைக்க ஒரு ஆம்ப்ளிஃபையர் வேண்டும். 1881இல் ஆம்ப்ளிஃபையர் என்ற பொருளே கிடையாது. அதனால் அந்த விதை அப்படியே கிடந்தது.

நடைபாதையில் நடந்த ஆராய்ச்சி

1883இல் ஜாக் மோன்பெலியே நகருக்கு ஆசிரியராகப் போய்விட்டார். கூட்டணி முடிந்தது. பியர் அதற்கு முன்பே பாரிஸில் புதிதாகத் தொடங்கிய தொழில்துறை இயற்பியல், வேதியியல் பள்ளியில் சேர்ந்திருந்தார். மாணவர்களின் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை. 22 வருடம் அங்கேயே.

சம்பளம் சுமார். தனக்கென்று ஒரு லேப் கிடையாது. மாடிப்படிக்கும் மாணவர் ஆய்வகத்துக்கும் நடுவில் இருந்த நடைபாதையில்தான் சொந்த ஆராய்ச்சி. பதவி உயர்வுக்கு ஆள் பிடிக்கத் தெரியாது, விருதுக்கு விண்ணப்பிக்கப் பிடிக்காது. இன்றைய ஆபீஸ் பாஷையில் சொன்னால், செல்ஃப் மார்க்கெட்டிங் சுத்தமாக வராத ஆள்.

ஆனால் அந்த நடைபாதையில் நடந்த வேலை சாதாரணமானது இல்லை. இரும்பு போன்ற காந்தப் பொருள்களை உலையில் ஆயிரம் டிகிரியையும் தாண்டிச் சூடாக்கி, வெப்பம் ஏற ஏற காந்தத் தன்மை எப்படி மாறுகிறது என்று அளந்தார். குறிப்பிட்ட வெப்பத்தைத் தாண்டினால் காந்தம் தன் காந்தத்தை இழந்துவிடும். இரும்புக்கு அது சுமார் 770 டிகிரி. இன்றும் அதை கியூரி வெப்பநிலை என்றுதான் சொல்கிறார்கள். இந்த ஆய்வுக்குத்தான் 1895இல், 35 வயதில், டாக்டர் பட்டம் வாங்கினார்.

குவார்ட்ஸையும் அவர் கைவிட்டுவிடவில்லை. நீளமான, மெல்லிய குவார்ட்ஸ் தகட்டின் கீழே எடைக்கல்லைத் தொங்கவிட்டால், இத்தனை எடைக்கு இத்தனை மின்னூட்டம் என்று துல்லியமாக வரும். இதை வைத்து மிக மிகச் சிறிய மின்னோட்டங்களை அளக்க ஒரு கருவி செய்தார்கள். பிரிட்டனின் பெரிய விஞ்ஞானி கெல்வின் பிரபுவே ஆசைப்பட்டுத் தனக்கு ஒன்று செய்து வாங்கிக்கொண்டார். மற்றபடி, அது ஒரு மூலையில் இருந்த கருவி.

1894இல் போலந்திலிருந்து வந்த ஒரு மாணவிக்கு லேப் இடம் தேவைப்பட்டது. பொதுவான நண்பர் ஒருவர் பியரை அறிமுகம் செய்துவைத்தார். மாணவியின் பெயர் மரியா ஸ்குவோடோவ்ஸ்கா. 1895 ஜூலை 26இல் கல்யாணம். மோதிரம் இல்லை, மதச் சடங்கு இல்லை. பரிசாக வந்த பணத்தில் இரண்டு சைக்கிள் வாங்கிக்கொண்டு, அதில்தான் ஹனிமூன்.

ரேடியத்தைக் காட்டிக்கொடுத்த குவார்ட்ஸ்

1897 கடைசியில் மேரி தன் டாக்டர் பட்டத்துக்குத் தலைப்பு தேடினார். யுரேனியத்திலிருந்து ஏதோ கதிர் வருகிறது என்று ஹென்றி பெக்கரல் முந்தைய ஆண்டு கண்டுபிடித்திருந்தார். அந்தக் கதிர் காற்றை லேசாக மின்கடத்தி ஆக்கும். எவ்வளவு லேசாக? ஒரு ஆம்பியரில் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு என்கிற கணக்கில். இதை எப்படி அளப்பது?

மூலையில் இருந்த அந்தக் குவார்ட்ஸ் கருவி ஞாபகம் இருக்கிறதா?

அளக்கும் முறையே அழகு. கதிரால் உண்டாகும் மின்னூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். எலெக்ட்ரோமீட்டரின் ஒளிப்புள்ளி நகரத் தொடங்கும். அதை நகரவிடாமல், குவார்ட்ஸின் மேல் எடையை மெதுவாக இறக்கி, எதிர் மின்னூட்டம் கொடுத்துப் புள்ளியை அதே இடத்தில் நிறுத்த வேண்டும். ஒரு கையில் எடை, இன்னொரு கையில் ஸ்டாப் வாட்ச். எத்தனை விநாடியில் எவ்வளவு எடை என்பதிலிருந்து மின்னோட்டம் தெரிந்துவிடும். கை நடுங்கினால் போச்சு. மேரி இதில் கைதேர்ந்தவரானார்.

அப்படி அளந்தபோதுதான் அந்த விநோதம். பிட்ச்பிளெண்ட் என்ற யுரேனியத் தாது, சுத்தமான யுரேனியத்தைவிட மூன்று நான்கு மடங்கு அதிகமாகக் கதிர் வீசியது. உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. போட்டோ தகடு கறுக்கிறதா என்று மட்டும் பார்த்திருந்தால் இந்த மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்ற கணக்கெல்லாம் கிடைத்திருக்காது. எண்ணைக் கொடுத்தது குவார்ட்ஸ்.

பியர் தன் படிக ஆராய்ச்சியைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு மனைவியின் ஆய்வில் சேர்ந்துகொண்டார். தற்காலிகமாக என்றுதான் நினைத்தார். 1898 ஜூலையில் பொலோனியம், டிசம்பரில் ரேடியம். பிறகு மழை ஒழுகும் ஒரு கொட்டகையில், டன் கணக்கில் தாதுக் கழிவைக் காய்ச்சி, 1902இல் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் குளோரைடு எடுத்தார்கள். எடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கவில்லை. யார் கேட்டாலும் சொல்லிக்கொடுத்தார்கள்.

இந்த இடம் எல்லோருக்கும் தெரிந்த கதை, அதனால் வேகமாகக் கடக்கலாம். ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். 1903 நோபல் பரிசுக்கு முதலில் பியர், பெக்கரல் பெயர்கள் மட்டும்தான் பேசப்பட்டன. ஸ்வீடனைச் சேர்ந்த கணித அறிஞர் ஒருவர் விஷயத்தை பியர் காதில் போட்டார். மேரியைச் சேர்க்காமல் இது சரியாக இருக்காது என்று பியர் பதில் எழுதினார். மேரியின் பெயர் சேர்ந்தது. மேரியின் கணவர் என்றே பின்னால் அறியப்பட்டவர், தானே எடுத்த முடிவு அது.

அதே ஆண்டு பிரான்ஸ் அரசின் லீஜியன் ஆஃப் ஹானர் விருதை வேண்டாம் என்று சொன்னார். அவருக்குத் தேவைப்பட்டது ஒரு நல்ல லேப். சோர்பானில் பேராசிரியர் பதவி 1904இல்தான் வந்தது, அறிவியல் அகாடமி உறுப்பினர் பதவி 1905இல். இடையில் உடம்பு தேய்ந்துகொண்டே வந்தது. ரேடியத்தைத் தன் கையிலேயே கட்டிப் புண் வரவைத்து, அது ஆற எத்தனை நாள் ஆகிறது என்று குறித்து வைத்த மனிதர். எலும்பு வலிக்கு என்ன காரணம் என்று அப்போது யாரும் சந்தேகப்படவில்லை.

1906 ஏப்ரல் 19. பாரிஸில் மழை. டோஃபின் தெருவைக் கடக்கும்போது, ராணுவ உடைகள் ஏற்றி வந்த குதிரை வண்டியில் மோதி விழுந்தார். பின் சக்கரம் தலையில் ஏறியது. 46 வயது. குவார்ட்ஸ் பக்கம் அவர் திரும்பி வரவே இல்லை.

குவார்ட்ஸ் எப்போது கடிகாரம் ஆனது?

முதல் உலகப் போர். ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தன. பியரிடம் படித்த போல் லாஞ்செவின், ஆசிரியரின் பழைய குவார்ட்ஸை எடுத்தார். 1917இல் அதை அதிரவைத்து, தண்ணீருக்குள் மீயொலி அனுப்பி, எதிரொலியைக் கேட்டார். பீசோ விளைவுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை அதுதான்.

அதே நீர்மூழ்கி ஆய்வில் அமெரிக்காவின் வால்டர் கேடியும் இருந்தார். குவார்ட்ஸ் ஒரே ஒரு அதிர்வெண்ணில் மட்டும் எவ்வளவு பிடிவாதமாக அதிர்கிறது என்று அவர் கவனித்தார். இப்போது வால்வு ஆம்ப்ளிஃபையர் வந்துவிட்டது. சுற்றை இணைத்தார். 1921இல் குவார்ட்ஸ் ஆஸிலேட்டர் பிறந்தது. 1927இல் பெல் ஆய்வகத்தில் வாரன் மாரிசன், ஜோசப் ஹார்ட்டன் இருவரும் முதல் குவார்ட்ஸ் கடிகாரத்தை ஓடவிட்டார்கள். அண்ணன் ஜாக் 1941 வரை இருந்தார். தம்பியோடு சேர்ந்து அழுத்திப் பார்த்த கல், மணி காட்டத் தொடங்கிய காலத்தில் அவர் உயிரோடுதான் இருந்தார்.

1969 கிறிஸ்துமஸ் அன்று செய்கோ நிறுவனத்தின் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் கடைக்கு வந்தது. மீதி உங்களுக்கே தெரியும்.

சரி, ஓவன் எதற்கு?

குவார்ட்ஸுக்கு முக்கிய எதிரி வெப்பம். வெப்பம் மாறினால் துடிப்பு மாறும். அதனால்தான் சாதாரண குவார்ட்ஸ் வாட்ச் மாதத்துக்கு 15 விநாடி வரை பிசகலாம். வாட்ச்சுக்கு அது போதும். ரேடியோ ஒலிபரப்புக்கும் டெலிபோன் நெட்வொர்க்குக்கும் போதாது.

ஒவ்வொரு படிகத்துக்கும், அதை வெட்டிய கோணத்தைப் பொறுத்து, ஒரு வெப்பநிலை உண்டு. அந்த இடத்தில் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் துடிப்பு கிட்டத்தட்ட மாறாது. எனவே படிகத்தை ஒரு குட்டி அடுப்புக்குள் வைத்து எப்போதும் அதே சூட்டில் பிடித்து வைத்தால் வேலை முடிந்தது. சூடு ஏன்? குளிரவைக்க ஃப்ரிட்ஜ் வேண்டும், சூடாக்க ஒரு டிரான்சிஸ்டர் போதும். வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் எட்டாத உயரத்தில், 80 டிகிரிக்கு மேல், அடுப்பை வைத்துவிட்டால் ஹீட்டரைக் கூட்டிக் குறைத்தாலே போதும்.

ஹியூலட் பேக்கார்ட் நிறுவனத்தின் 10811 இந்த வகையில் ரொம்பப் பிரபலம். ஒரு நாள் சூடேறிய பிறகு, தினசரி மாற்றம் ஆயிரம் கோடியில் 5 பங்குக்குள் என்பது அதற்குத் தயாரிப்பாளர் சொன்ன அளவு. அந்த அளவு பிசகு அப்படியே நீடித்தால், ஒரு விநாடி தவற 60 ஆண்டுக்கு மேல் ஆகும்.

பழசுக்கு ஏன் இவ்வளவு மவுசு?

ஆச்சரியம் என்னவென்றால், இந்தப் பொருள் பழசானால் பெரும்பாலும் நல்லதுதான். புதுப் படிகத்தில் மேற்பரப்பில் ஒட்டிய அழுக்கும், பிடித்து வைத்திருக்கும் கம்பிகளின் இறுக்கமும் மெல்ல மெல்ல மாறிக்கொண்டே இருக்கும். அதனால் துடிப்பும் நகரும். பல வருடம் ஓடிய படிகத்தில் இந்த ஆட்டமெல்லாம் பெரும்பாலும் அடங்கியிருக்கும்.

படிகம் வெற்றிடக் கூட்டுக்குள் மூடி இருக்கிறது. அதை யாரும் திறப்பதில்லை, திறந்தால் அதோடு சரி. கெட்டுப்போவது அதைச் சுற்றியுள்ள மற்ற எல்லாமும்தான். கெப்பாசிட்டர் காய்ந்துபோகும். வெப்பம் வெளியேறாமல் காக்கும் ஃபோம் பொடிப்பொடியாக உதிரும். 10811இல் அடிக்கடி சொல்லப்படும் நோய் தெர்மல் ஃபியூஸ். அடுப்பு எல்லை மீறிச் சூடானால் மட்டும் அறுந்து காப்பாற்ற வேண்டிய சின்னப் பாகம் அது. பல வருடம் சூட்டிலேயே கிடந்து, காரணமே இல்லாமல் அறுந்துவிடும். அடுப்பு எரியாது.

மாற்றுவது எளிது. ஆனால் சால்டரிங் சூட்டிலேயே புது ஃபியூஸும் அறுந்துவிடும் என்பதால், அதன் காலை இடுக்கியால் பிடித்துச் சூட்டைக் கடத்திவிட்டுத்தான் பற்ற வேண்டும். சிலர் ஃபியூஸே வேண்டாம் என்று வெறும் ஒயரைப் போட்டுவிடுகிறார்கள். நாளைக்கு வெப்பச் சுற்று கெட்டால், நாற்பது வருடம் பிழைத்த படிகம் வெந்துவிடும். தயவுசெய்து வேண்டாம்.

சரியானதா என்று எப்படித் தெரியும்? கரன்ட் மீட்டரைப் பார்த்தாலே போதும். ஸ்விட்ச் போட்டதும் அடுப்பு நிறைய கரன்ட் இழுக்கும். சில நிமிடத்தில் சட்டென்று இறங்கி ஓர் அளவில் நிற்கும். இறங்கினால் அடுப்பு சூடாகித் தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டது என்று அர்த்தம்.

அடுத்தது ஒப்பிடுதல். ஜிபிஎஸ் ரிசீவர் விநாடிக்கு ஒரு துடிப்பு தரும். செயற்கைக்கோளில் இருக்கும் அணுக் கடிகாரம்தான் அதன் பின்னணி. ஆனால் அந்தத் துடிப்பு நொடிக்கு நொடி லேசாக முன்னே பின்னே ஆடும். குறுகிய நேரத்தில் ஓவன் ஆஸிலேட்டர் கில்லாடி, நாள் கணக்கில் ஜிபிஎஸ் கில்லாடி. இரண்டையும் மணிக்கணக்கில் ஒப்பிட்டு, ஓவனை மெதுவாக வழிக்குக் கொண்டுவருவதுதான் இந்த ஹாபியின் சுவாரஸ்யமான பகுதி.

இதெல்லாம் செய்து என்ன கிடைக்கும் என்று கேட்கலாம். ஹாம் ரேடியோக்காரர்களுக்கு நேரடிப் பயன் உண்டு. 10 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறினாலே 10,000 ஹெர்ட்ஸ் தள்ளிப் போய்விடும். எதிர்முனையில் இருப்பவரைக் கண்டுபிடிப்பதே கஷ்டம். வீட்டில் இருக்கும் அதிர்வெண் கவுன்ட்டருக்கு இதை இணைத்தால், அது காட்டும் கடைசி இலக்கங்களையும் நம்பலாம். மற்றவர்களுக்கு, ஒரு பொருள் எவ்வளவு சரியாக இருக்க முடியும் என்று பார்க்கும் ஆசை. அதற்கு மேல் காரணம் கேட்டால் சிரிப்பார்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு விஷயம். நாள் கணக்கில் ஓடி நிலைத்த ஓவனில் கரன்ட் போனால் அடுப்பு ஆறிவிடும். திரும்ப வந்ததும் சில நிமிடத்தில் சூடாகிவிடும்தான், ஆனால் துடிப்பு பழைய இடத்துக்கே வந்து நிற்க மணிக்கணக்கிலோ நாள் கணக்கிலோ ஆகலாம், சில சமயம் துளி தள்ளியே நிற்கும். அதனால் இந்த ஹாபியில் இறங்கியவர்கள் பலர் ஓவனுக்கு அடுத்தபடியாக வாங்குவது ஒரு யுபிஎஸ்.